ஆறு மணிக் கூவல்

போளூரிலிருந்து மலையேறும் பேருந்துப் பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அதற்குக் கீழே என் குரல் கிடையாது, மேலே உண்டு. ஓட்டுநர் அடிவாரத்திலேயே ரேடியோவைத் திறந்து வைத்துவிடுவார். அது பாட்டுக்கு இரைந்துகொண்டே வரும். வண்டி அந்த வளைவில் முக்கித் திரும்பி, பக்கவாட்டுப் பாறை விலகியதும், இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு ஆள் நிதானமாக, "ஆகிய ஊர்களில் நாளை மின்சாரம் இருக்காது" என்பான். அந்த ஆள் நான்தான். மாலையில் படித்துவிட்டுக் கடைசிப் பேருந்தில் வீட்டுக்கு இறங்கி, மறுநாள் முதல் பேருந்தில் ஏறி வரும்போது, மறு ஒலிபரப்பில் என்னை நானே எதிர்கொள்வேன். பாதித் தூக்கத்தில் இருப்பேன். சன்னலுக்கு வெளியே மேகம் சாலையைத் தொட்டுக்கொண்டு போகும். நேற்றைய நான் இன்றைய எனக்கு மின்வெட்டு பற்றிச் சொல்லிக்கொண்டு வருவான்.

அந்தப் பேருந்தில் ஒருவருக்கும் அது என் குரல் என்று தெரியாது. ஒருமுறை பக்கத்து இருக்கையில் மடியில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த ஒருவர், ரேடியோவைப் பார்த்து, "இவன் ஓயவே மாட்டான்" என்று கொட்டாவி விட்டார். நானும் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். வேறு என்ன செய்வது?

எனக்குக் குரலைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. படவேட்டுப் பக்கம் கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவில் வளர்ந்தவன் நான். டீக்கடை ரேடியோவில் செய்தி வாசிப்பவர்களைக் கேட்டுக் கேட்டு, பம்ப்செட்டின் காலித் தொட்டிக்குள் தலையை விட்டு அவர்களைப் போலவே படித்துப் பார்ப்பேன். தொட்டி என் குரலைப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுக்கும். பிற்பாடு ஒரு பெரிய நிலையத்தின் குரல் தேர்வுக்குப் போனேன். கொடுத்த காகிதத்தை ஒரு சொல் பிசகாமல் படித்தேன். தேர்வு செய்கிற அம்மையார் ரசித்துத் தலையாட்டினார். எழுந்து வரும்போது, ஏன் தம்பி இப்படி வேர்க்கிறது என்று அன்பாகக் கேட்டார். "ஒண்ணியும் இல்லீங்க மேடம், இன்னா வெயிலு" என்றேன். அவர் முகத்திலிருந்த அன்பு அப்படியே இருந்தது. வேலைதான் போய்விட்டது.

எங்கள் பேச்சில் அப்படி என்ன குறை என்று எனக்கு இன்றுவரை கோபம் உண்டு. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு சோறு பொங்க முடியாதே. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போளூர்த் தெருக்களில் துணிக்கடைத் தள்ளுபடி சொன்னேன். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் கூப்பிட்டேன். ஆடி வெள்ளிக் கூட்டத்தில் கோயில் மைக்கைப் பிடித்து, சிவப்பு கவுன் போட்ட பெண் குழந்தை அழுதுகொண்டிருக்கிறது, உரியவர்கள் வந்து அழைத்துச் செல்லவும் என்று தொண்டை வற்றச் சொன்னேன். தொலைந்ததைச் சொல்வதில் எனக்கு ஒரு கைராசி இருந்தது. நான் சொன்னால் யாராவது ஓடி வருவார்கள்.

அப்போதுதான் மலைமேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் சிறிய வானொலி நிலையம் தொடங்கி, குரல் வளம் உள்ளவர் தேவை என்று கேட்டது. நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொண்டு போனேன். ஓடு வேய்ந்த ஒரு கட்டடம், சுவரெல்லாம் தென்னை நார்ப் பாய், ஒரு மேசை, இரண்டு மைக், நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, வெளியே புளியமரத்தைவிடக் கொஞ்சம் உயரமான ஒரு கோபுரம். பொறுப்பாளராக இருந்தவர் வேலூர்க்கார அம்மா, எங்களுக்கு மேடம். சுறுசுறுப்பானவர், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோபுரத்தின் அடிக்குப் போய் ஒயரைத் தட்டிப் பார்க்கிற ரகம். முதல் நாளே எனக்கு இரண்டு சட்டங்கள் சொன்னார். ஒன்று, செய்தி என்ற சொல்லை மைக்கில் சொல்லவே கூடாது. எங்களைப் போன்ற சின்ன நிலையங்களுக்குச் சொந்தமாகச் செய்தி படிக்க அனுமதி இல்லை. தகவல் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு, காற்றைச் சும்மா விடக் கூடாது. ஒரு நொடி பேச்சு நின்றாலும் கேட்பவர் பெட்டி கெட்டுவிட்டது என்று தட்ட ஆரம்பித்துவிடுவார்.

செய்தி வாசிக்கப் பிறந்தவனுக்குச் செய்தி என்று சொல்லக் கூடாது என்று சட்டம். நொந்துகொண்டேன். ஆனாலும் மாலை ஆறு மணிக்கு, "வணக்கம், மலைத் தகவல்கள்" என்று நான் தொடங்குவதைக் கேட்டால் யாரும் நாட்டு நிலவரம் என்றுதான் நினைப்பார்கள். எந்த ஊரில் தடுப்பூசி முகாம், ஒடுகத்தூர் சந்தையில் புளி என்ன விலை, எந்தப் பேருந்து டயர் வெடித்து நிற்கிறது, ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்ததா, நாளை மழை உண்டா. இதையெல்லாம் தலைநகரத்துத் தோரணையில் படிப்பேன். கடைசியில் தொலைந்த மாடுகள். இடது காதில் கிழிசல், ஒரு கொம்பு முன்பக்கம் வளைந்தது, நெற்றியில் வெள்ளை என்று அடையாளம் சொல்லும்போது மட்டும் என் குரல் தானாகக் கொஞ்சம் இளகும். கோயில் மைக் காலத்துப் பழக்கம்.

யார் கேட்கிறார்கள்? அதுதான் தெரியாது. பாட்டு கேட்டுப் போன் வரும். தகவலைப் பற்றி ஒரு போன் வராது. மழைக்காலத்தில் மேகம் நிலையத்தின் சன்னல் வழியாகவே உள்ளே வந்துவிடும். மைக்குக்கு அப்பால் சுவர் தெரியாது. அந்த வெண்மைக்குள் பார்த்துக்கொண்டு நான் படிப்பேன். வார்த்தைகள் வாயிலிருந்து கிளம்பி மேகத்துக்குள் போகும், போனவை போனவைதான். சில மாலைகளில், நான் உண்மையில் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் இருக்கிறேனோ, இடையில் நடந்ததெல்லாம் ஒரு தூக்கமோ என்றுகூடத் தோன்றும். சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை, துக்கமாகத்தான் இருந்தது.

மலையில் வேறொரு ஒலிபரப்பு எங்களுக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. சாமை விளையும் மாதங்களில் மாடுகளைக் கொல்லைப் பக்கம் விடாமல் காட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். பொழுது சாயும்போது வீட்டுக்காரர்கள் பாறைமேல் ஏறி நின்று கூவுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூவல். ஒன்று நீண்டு போய்ச் சட்டென்று அறுந்து விழும். ஒன்று தொண்டைக்குள்ளேயே உருளும். ஒன்று ஏறி ஏறி மேலே போய் அங்கேயே நின்றுவிடும். அதில் வார்த்தையே இல்லை. அந்தந்த மாட்டுக்கு மட்டும் புரியும். ஒரு வீட்டுக் கூவலை இன்னொருவர் கூவக் கூடாது. விளையாட்டுக்குக்கூடக் கூடாது. புளி ஏற்ற வந்த ஒரு லாரிக் கிளீனர் ஒருமுறை டீக்கடையில் உட்கார்ந்து அப்படி ஒன்றைக் கூவிக் காட்டிச் சிரித்தான். மேய்ந்துகொண்டிருந்த இரண்டு மாடுகள் தலை தூக்கின. கடையில் இருந்தவர்கள் எழுந்து லாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த வீட்டுக்காரர் வரும்வரை லாரி நகர முடியவில்லை. கிளீனர் கைகூப்பி மன்னிப்புக் கேட்ட பிறகுதான் விட்டார்கள். தாய் மகளுக்கோ தகப்பன் மகனுக்கோ, கொடுத்தேன் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் கூவல் கைமாறும்.

இந்த விவகாரத்தில் நான் மாட்டிக்கொள்வேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள், நிலைய வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. பின்னால் ஒரு கயிற்றுக் கட்டில். கட்டிலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா, ஒரு கால் முழுக்க மாவுக்கட்டு, தலைக்குமேல் பிளாஸ்டிக் தாள். அடுத்த மலைச்சரிவு ஊர். கணவர் இறந்து பல வருடமாகிறது. மகளை ஒடுகத்தூரில் கொடுத்திருக்கிறது. ஈரப் பாறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்த வாரம் அவருடைய பசு காட்டிலிருந்து திரும்பவில்லை. மந்தையோடு போனது, மந்தை வந்தது, அது வரவில்லை. நிறை சினை. காட்டில் கன்று போட்டால் சிறுத்தை விடாது. ஊர்க்காரர்கள் தேடித்தான் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பசுவுக்குத் தாய் கிடையாது. இது பிறந்த அன்றே தாய் செத்துவிட்டது. புட்டியில் பால் ஊற்றி வளர்த்தது இந்த அக்காதான். அவர் கூவல் தவிர வேறு எதற்கும் அது அசையாது. கூவவேண்டியவரோ கட்டிலை விட்டு அசைய முடியாது. வாசலிலிருந்து கூவினால் சரிவு தாண்டிக் கேட்காது.

மைக்கில் ஒரே ஒரு தடவை கூவிவிட்டுப் போகிறேன் என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் படிக்கிற மேசையில் மாட்டைக் கூப்பிடுவதா? அடையாளம் சொல்லுங்கள், படித்துவிடுகிறேன் என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க படிச்சா மாட்டுக்கு இன்னா தெரியும் சாரு?" என்றார். மேடம் வந்து நின்று யோசித்தார். மாட்டைக் கூப்பிடுவது செய்தி ஆகுமா, ஆகாதா என்பது அவர் கவலை. செய்தி ஆகாது என்று முடிவு கட்டி, கட்டிலோடு அவரை உள்ளே தூக்கிவரச் சொன்னார்.

அக்கா மைக்கைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். கூவல் தாழ்வாக, பக்கத்தில் நிற்கிற யாரிடமோ சொல்வதுபோலத் தொடங்கியது. பிறகு ஏறியது. நடுவில் ஒரு இடத்தில் உடைந்து, இரண்டாகி, படிப்படியாக இறங்கி வந்தது. ஒலி அளவு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. நான் ஒலியைக் குறைக்க மறந்துபோனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் தன்னையறியாமல் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

அன்று மாலை தகவல்களை முடித்து, நெற்றியில் வெள்ளை உள்ள பசு என்று அடையாளம் சொல்லி, பதிவான கூவலை ஒலிபரப்பினோம். எங்கே பார்த்தாலும் ரேடியோ இருக்கிறது, மகளிர் குழுக்களுக்கு நிறுவனமே கொடுத்திருந்தது, போன் வைத்திருப்பவர்கள் ஹெட்செட் ஒயரைச் செருகினால் அதிலும் எடுக்கும். எப்படியும் ஒரு காட்டோரத்தில் அதன் காதில் விழாமலா போகும்? இப்படி நினைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். கடை ரேடியோ அணைந்திருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். கூவல் வந்தது, நிறுத்திவிட்டேன் என்றார் கடைக்காரர். அடுத்தவர் வீட்டுக் கூவல் தன் கடையில் கேட்பது மரியாதையா என்று என்னையே திருப்பிக் கேட்டார். நாலைந்து ஊர்களுக்குப் போன் போட்டு விசாரித்தோம். எல்லா ஊரிலும் இதே கதை. அடையாளம் சொல்லும்வரை கவனமாகக் கேட்டிருக்கிறார்கள். கூவல் தொடங்கியதும் பண்போடு பெட்டியை அணைத்துவிட்டார்கள். மலை முழுக்க அந்தக் கூவலைக் கேட்டது நாங்கள் இரண்டு பேர்தான்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ஒரு உயிர் காட்டில் தவிக்கிறது, இவர்கள் மரியாதை பார்க்கிறார்கள் என்று டீக்கடையிலேயே கத்தினேன். கடைக்காரர் கோபப்படவில்லை. அந்த அம்மா வாயால் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம், கொடுக்காததை எப்படி எடுப்பது என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மேடத்தின் ஸ்கூட்டரில் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு அக்காவின் ஊருக்குப் போனோம். வழியெல்லாம் மேகம். விளக்கைப் போட்டாலும் முன்சக்கரம் மட்டும்தான் தெரிந்தது; எதிரில் வந்த ஒரு ஆட்டு மந்தை மணியோசையாக மட்டும் எங்களைக் கடந்து போனது. வீட்டு வாசலில் அதே கட்டிலில் அவர் இருந்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் முகம் சுருங்கிவிட்டது. இப்போது நினைத்தாலும் எனக்கு அந்த முகம் வருகிறது. கூவலைக் கொடுத்துவிட்டால் அப்புறம் அது ஊர்ச் சொத்து. எவன் வேண்டுமானாலும் கூவி அவர் மாட்டை ஓட்டிப் போகலாம். கேட்டால், நீதானே கொடுத்தாய் என்று சொல்லலாம். அதைவிட, அது அவர் அம்மா சாகும் முன் கொடுத்தது. வேறு எதுவும் அந்த அம்மா விட்டுப் போகவில்லை.

மேகம் வந்து வாசலை மூடியது, விலகியது, மறுபடி மூடியது. காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கருவியைக் கொண்டுவா என்று கையைக் காட்டினார்.

"இது எங்கம்மா எனுக்குக் குடுத்த கூவலு. எம் பொண்ணுக்கே இன்னும் குடுக்கல. இப்ப மலைல இருக்கற அத்தினி வூட்டுக்கும் குடுத்துட்டேன். யாரும் கூச்சப்படாதீங்க, பொட்டிய நிறுத்தாதீங்க. எம் மாடு உங்க பக்கம் வந்துச்சின்னா ஒரு வாய் தண்ணி காட்டுங்க. எனுக்கு அது போதும்."

அன்று ஆறு மணிக்கு நான் வணக்கம் சொல்லிவிட்டு, புளி விலைக்குக்கூடப் போகாமல் அந்தப் பேச்சைத்தான் முதலில் போட்டேன். தகவல்கள் எல்லாம் முடிந்ததும் கூவல். பதிவை ஓடவிட்டு, மனம் கேட்காமல் வெளியே வந்து பின்பக்கப் பாறைமேல் ஏறினேன்.

மேகம் கீழே படுத்திருந்தது. ஊர்கள் எதுவும் தெரியவில்லை. முதலில் டீக்கடையிலிருந்து கேட்டது. அப்புறம் எதிர்ச்சரிவிலிருந்து. அப்புறம் அதற்கும் பின்னாலிருந்து, அதற்கும் கீழிருந்து. ரேடியோக்களைத் தூக்கிக்கொண்டு காட்டோரம் போயிருக்கிறார்கள். மரக்கிளையில் மாட்டியிருக்கிறார்கள், பாறைமேல் வைத்திருக்கிறார்கள். கூவல் ஒவ்வொரு ஊரிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் பிந்தி வந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மலையே அந்த மாட்டைக் கூப்பிடுவதுபோல இருந்தது. எல்லாக் குரலும் அந்த ஒரு அக்காவுடையது. நான் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. மேடமும் பாறைக்கு வந்துவிட்டிருந்தார். பதிவு எப்போதோ முடிந்து, அடுத்த பாட்டைப் போட ஆள் இல்லாமல் காற்று சும்மாவே போய்க்கொண்டிருந்தது. அதை நாங்கள் இருவரும் உணரவே கொஞ்ச நேரம் பிடித்தது. ஒருவரும் பெட்டியைத் தட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பசு அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒவ்வொரு மாலையும் தகவல் முடிந்ததும் கூவல் போட்டோம். அக்காவின் வீட்டுக்குப் போன் போடவே எனக்குப் பயமாக இருந்தது. மழை பெய்கிற மாலைகளில் ரேடியோவைப் பாலிதீன் பையில் கட்டி மரத்தில் மாட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இனி பிரயோசனமில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு மாலை, ஒடுகத்தூர்ப் பக்கத்துச் சரிவிலிருந்த ஊரிலிருந்து போன் வந்தது. தண்ணீர்த் தொட்டி மேடையில் வைத்திருந்த ரேடியோவுக்கு எதிரே ஒரு மாடு வந்து நிற்கிறது. நெற்றியில் வெள்ளை. வயிறு ஒட்டியிருக்கிறது. தண்ணீர் காட்டினால் குடிக்கவில்லை; பெட்டியைப் பார்க்கிறது, காட்டைப் பார்க்கிறது, இரண்டடி காட்டுப் பக்கம் போய் மறுபடி வந்து பெட்டியைப் பார்க்கிறது. அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அதன் பின்னாலேயே போனார்கள். பாறையிடுக்கில், புதருக்குள், கன்று படுத்திருந்தது. இன்னும் கால் நடுக்கம் தீராத கன்று. தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

நான் மறுபடி மைக் முன்னால் உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தி, "இப்போது ஒரு செய்தி" என்றேன். மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதில் விழாததுபோல ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

கூவல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா கால் தேறிச் சந்தைக்குப் போக ஆரம்பித்த பிறகு, எந்த ஊர்க்காரர் பார்த்தாலும், உன் கூவல் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள் என்று அவரிடம் சொன்னார்களாம். சிலர் அப்போதே, கொடுத்துவிட்டோம் என்று சொல்லித் திருப்பியும் கொடுத்துவிட்டார்களாம்.

இத்தோடு முடிந்தது என்று நான் என் பாட்டுக்கு மின்வெட்டையும் தடுப்பூசியையும் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் வேலூரில் ஒரு கேபிள் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்க ஆள் கேட்டார்கள். அசல் செய்தி. செய்தி என்று சொல்லியே படிக்கலாம். மேசைக்குப் பின்னால் கோட்டுப் போட்டு உட்காரலாம். போய்ப் படித்துக் காட்டினேன், பிடித்துவிட்டது. மாதக் கடைசியில் வந்து சேரச் சொன்னார்கள். நான் வேலூர் போயிருந்த நாட்களில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் தகவல்களைப் படித்தார். நன்றாகவே படித்தாராம். எனக்கு அது உள்ளூரப் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

மலைக்குத் திரும்பி, மேடத்திடம் விடைபெறுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மாட்டுக்கார அக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து நிலையப் படியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. முகத்தில் கடுப்பு. நாலு நாளாக நான் எங்கே போயிருந்தேன் என்று கேட்டார். வேலூருக்கு என்றேன். நாலு நாளாக மாடும் கன்றும் பொழுதோடு வீட்டுக்கு வரவில்லை, தடியை ஊன்றிக்கொண்டு காடெல்லாம் அலைந்ததாகச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெதுவாகத்தான் விஷயம் வெளியே வந்தது.

கால் கட்டோடு கிடந்த மாதங்களில் அக்கா மாட்டையும் கன்றையும் பக்கத்துக் காட்டோரத்திலேயே மேயவிடச் சொல்லி, ரேடியோவைக் கொட்டகை வாசலில் மாட்டி, சத்தமாக வைத்திருந்திருக்கிறார். ஆறு மணிக்கு நான் வணக்கம் சொல்வேன். தகவல் முடிந்ததும் அவர் கூவுவார். அந்தப் பசு காட்டில் கிடந்த நாட்களிலும் இதே வரிசையில்தான் கேட்டிருக்கிறது: முதலில் நான், பிறகு அவர். கன்றோ பிறந்ததிலிருந்து இதைத்தான் கேட்கிறது. கொஞ்ச நாளில் இரண்டும் கூவலுக்குக் காத்திராமல் நான் வணக்கம் சொன்னதுமே வீட்டுப் பக்கம் திரும்ப ஆரம்பித்துவிட்டன. பேருந்து டயர் வெடித்த தகவலுக்குள் பாதி வழி வந்துவிடும். மழை பற்றிச் சொல்லும்போது கொட்டகையில் நிற்கும். அக்கா கூவுவதையே விட்டுவிட்டாராம். புதிய பெண்ணின் குரலுக்கு அவை தலையைக்கூடத் தூக்கவில்லை.

இத்தனை வருடம் யார் கேட்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று புலம்பினேனே!

மேடம்தான் மெல்ல, சார் வேலூருக்கே போகப் போகிறார் என்று அக்காவிடம் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். கடுப்பு போய்விட்டது. தடியைத் தரையில் ஊன்றி எழுந்து, மரியாதையாக நின்றுகொண்டு சொன்னார்.

"போறதா இருந்தா போங்க சாரு, உங்க பொழப்ப நான் தடுக்கல. ஆனா நீங்க படிக்கறது இப்ப எங்க வூட்டுக் கூவலு. அம்போன்னு உட்டுட்டுப் போகக் கூடாது. யாருக்குக் குடுக்கறீங்களோ, மைக்குல குடுத்தேன்னு சொல்லிட்டுப் போங்க. அப்பதான் எம் மாட்டுக்கு நான் வேற பழக்கம் பண்ண முடியும்."

நியாயமான பேச்சுதான். அவர் தன் கூவலை மலை முழுக்கக் கொடுத்தவர். நான் என்னுடையதை ஒரு ஆளுக்குக் கொடுத்தால் போதும். புதிதாக வந்த பெண் அங்கேயே, மைக்குக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அன்று மாலை தகவல் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மின்வெட்டைப் படித்தேன். மழையைப் படித்தேன். தொலைந்த மாடுகளைப் படித்தேன். கொடுத்தேன் என்கிற அந்த ஒரு சொல் மட்டும் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை. நாளை சொல்லலாம் என்று வைத்தேன். மறுநாளும் வரவில்லை. மாதக் கடைசி வந்தது, போனது. வேலூரில் வேறு யாரோ கோட்டுப் போட்டுக்கொண்டார்கள்.

இன்றும் விடுப்பு எடுத்தால் முன்கூட்டியே வணக்கத்தையாவது பதிவுசெய்து கொடுத்துவிட்டுத்தான் கீழே இறங்குகிறேன். அந்தக் கன்று இப்போது வளர்ந்த பசு. அதுவும் ஒரு கன்று போட்டாயிற்று. மலை தாண்டிப் போனால் என் பெயர் சொல்ல ஆள் இல்லை. பேருந்தில் என் குரலைக் கேட்டு இன்னும் யாரோ கொட்டாவி விடுகிறார்கள். விடட்டும்.

ஒரு பழக்கம் மட்டும் எனக்கு ஒட்டிக்கொண்டது. ஆறு மணிக்கு வணக்கம் சொன்னதும் கொஞ்சம் நிறுத்துகிறேன். காற்று சும்மா போகிறது. மேடத்துக்கு அது பிடிக்காது, ஆனாலும் ஒன்றும் சொல்வதில்லை. சன்னலில் மேகம் நிற்கும். எங்கோ ஒரு சரிவில் மூன்று மாடுகள் தலையைத் தூக்கி, புல்லை மென்றபடியே திரும்ப வேண்டும். அவை திரும்பியிருக்கும் என்று தோன்றிய பிறகுதான் மின்வெட்டுக்குப் போகிறேன்.